மூன்றாம் வரிக்குப் பின் ஓர் இடைவெளி

அந்தப் பேருந்து நிலையத்தில் அவருக்கு மைக்கக்கா என்றுதான் பெயர். டிரைவர், கண்டக்டர், தண்ணீர் பாட்டில் விற்கிறவர், எல்லோருக்கும் மைக்கக்காதான். மாடியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், ஒரு மின்விசிறி, ஓர் அக்கா. அங்கிருந்து பார்த்தால் எல்லா பிளாட்பாரமும் தெரியும். கீழே நின்று பார்த்தால் அக்கா தெரியமாட்டார், கண்ணாடியில் வெயில்தான் தெரியும். குரல் மட்டும் தூணுக்குத் தூண் மாட்டியிருக்கும் ஸ்பீக்கர்களில் இருந்து இறங்கி வரும்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. தேன், குயில் என்றெல்லாம் சொன்னால் தப்பாகிவிடும். அது நம்பிப் போகலாம் என்கிற குரல். நாலாவது நடைமேடை என்று அது சொன்னால் நாலாவதுதான், ஓடிப் போய்ப் பார்க்க வேண்டாம், நடந்தே போகலாம். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், கண் சரியாகத் தெரியாதவர்கள், ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லாம் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினார்கள். ஒரு தடவை காய்கறிக் கடையில் "அரைக் கிலோ போதுங்க" என்று அக்கா சொன்னதும் கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாராம்.

"என்னங்க பாக்கறீங்க?"

"எங்கேயோ கேட்ட குரலா இருக்கேன்னு பாத்தேன்."

"அதுக்கு ஏன் கூரையைப் பாக்கறீங்க?"

இதைச் சொல்லும்போது அக்காவுக்கே சிரிப்பு வரும். அப்போதெல்லாம் வரும்.

வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசுவதற்கு முன்னால் மின்விசிறியை நிறுத்திவிடுவார். அது சுற்றும்போது டக் டக் என்று ஒரு சத்தம் வரும், மைக் அதையும் வாங்கி ஊருக்கே சொல்லிவிடும். விசிறியை நிறுத்து, மைக்கின் பஞ்சை நகத்தால் ஒரு தட்டு தட்டு, பேசு, மைக்கை அணை, விசிறியைப் போடு. நாள் முழுக்க இதுதான். "காத்தும் பேச்சும் எனக்கு ஒண்ணா அமையாதுப்பா" என்பார்.

மைக்கக்காவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. உடனே, ஏதோ பெரிய இழப்பு நடந்து மனசு விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் கேட்டேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. சின்ன வயசுல எல்லாரும் கண்ணை மூடுவாங்க, நானும் மூடுவேன். உள்ள இருட்டா இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் போலன்னு நெனச்சுட்டேன். பெருசானப்புறம்தான் தெரிஞ்சுது, மத்தவங்களுக்கு அங்க யாரோ இருக்காங்கன்னு."

"கோவம் எதுவும் இல்லையா அக்கா?"

"கோவப்படணும்னா எதிர்ல ஆள் இருக்கணும்ல."

அவர் வீட்டுக்காரர் தையல்காரர். நல்ல பக்திமான். வாரத்தில் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கும்பிடக் கிளம்புவார். "எனக்கும் சேத்து வேண்டிக்கோங்க" என்று அக்கா வாசலில் நின்று வம்பிழுப்பார். "உனக்கு வேண்டி வேண்டித்தான் என் வேண்டுதல் எதுவும் அங்க எடுபடவே மாட்டேங்குது" என்று அவர் செருப்பை மாட்டுவார். அந்த வீட்டில் இதற்கு மேல் இந்த விஷயம் சண்டையாக ஆனதே இல்லை. அவர்களுக்குக் கல்யாணம் ஆகி, ஒரு மகள் பிறந்து, அவளும் படித்து வேலைக்குப் போய்விட்டாள், அதுவரைக்கும் ஆனதில்லை.

அப்புறம் புது மேனேஜர் வந்தார்.

அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் அவர் அப்படி இல்லை. மெதுவாகப் பேசுகிறவர். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் லீவு கேட்பதற்கு முன்னால் தருகிறவர். ஓட்டை விழுந்த கூரையை வந்த மாதமே சரி பண்ணினார். பழைய இடத்தில் அவர் மேனேஜராக இருந்தபோது ஒரு பஸ் கவிழ்ந்து போனது. அதற்குப் பிறகுதான் அவர் இந்தப் பிரார்த்தனையை ஆரம்பித்தாராம். காலையில் முதல் வரிசை பஸ்கள் கிளம்புவதற்கு முன்னால் மைக்கில் நாலு வரி. அது முடிகிற வரைக்கும் எந்த வண்டியும் எஞ்சின் போடக்கூடாது. ஊழியர்களும் பயணிகளும் எழுந்து நிற்க வேண்டும். முடிந்ததும் சூப்பர்வைசர் விசில் ஊதுவார். சூப்பர்வைசர் பெயரே விசில்தான், தூங்கும்போதும் அதைக் கழற்ற மாட்டார் என்பார்கள். விசில் சத்தம் கேட்டால் வண்டிகள் நகரும்.

நாலு வரியையும் மேனேஜரே எழுதிக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்தார்.

"சார், எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதே. வேற யாரையாவது..."

"உங்க குரல்ல கேட்டாத்தாம்மா ஜனங்க மனசுல நிக்கும். நம்பிக்கை வரும்போது வரட்டும். நான் யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. நாலு வரி படிக்கத்தானே சொல்றேன்?"

அக்கா அதைப் படித்துப் பார்த்தார்.

எங்களை வழிநடத்துபவனே, இந்த நாளின் பாதையை உன்னிடம் ஒப்படைக்கிறோம். எங்கள் சக்கரங்களுக்கு முன்னால் நீயே நட. இங்கே உன்னை மறுப்பவர் ஒருவரும் இல்லை. எல்லோரையும் வீடு கொண்டு சேர்.

அன்று வீட்டில் தையல்காரர் சிரித்தார். "படிச்சுட்டுப் போயேன். நீ இல்லன்னு சொல்ற சாமி. உனக்கு என்ன நஷ்டம்?"

அக்காவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவர் தனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார், அது அவருடைய தொழிலுக்குள்ளேயே இருந்த கணக்கு. "நான் போகாத ஊருக்கெல்லாம் தினம் பஸ் சொல்றேன். சொல்லிட்டேங்கறதுக்காக அந்த பஸ்ல ஏறியா போறேன்? அது மாதிரிதான் இதுவும்."

அப்படித்தான் சொல்லிவந்தார். காலையில் விசிறியை நிறுத்துவார், பஞ்சைத் தட்டுவார், நாலு வரி சொல்வார், விசிறியைப் போடுவார். மூன்றாவது வரி வரும்போது, இங்கே உன்னை மறுப்பவர் ஒருவரும் இல்லை, ஆரம்பத்தில் அவசரமாகச் சொல்லிக் கடந்துவிடுவார். போகப்போக அதுவும் நின்றுவிட்டது. மேனேஜர் பின்னால் நின்று தன் போனில் அதைப் பதிவு செய்வார். பிரார்த்தனை நடக்கிறது என்று மேலிடத்துக்குத் தினமும் அனுப்புவதற்காக. ஜனங்களுக்கும் அது பிடித்துப்போனது. சந்தையில், ஆஸ்பத்திரி வரிசையில், "உங்க குரல்ல அதைக் கேட்டா அன்னைக்கு நாளே நல்லா இருக்கும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா என்ன சொல்வார்? "சரிங்க" என்பார்.

தையல்காரர்தான் ஒரு நாள், துணி வெட்டிக்கொண்டே, இதைச் சொன்னார். "காலையில அந்தப் பக்கம் சைக்கிள்ல வந்தேன். உன் குரல் கேட்டுது. நின்னு கும்பிடலாம்னு பாத்தேன், வரல."

"ஏன்?"

"தெரியல. நீ சொல்றது எனக்குத் தெரியுமே, அதனாலயோ என்னமோ."

கத்தரி துணியில் போய்க்கொண்டே இருந்தது.

இனி வருவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். நடந்தபோது அது ரொம்பச் சின்னதாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலை. எல்லோரும் எழுந்து நின்றாகிவிட்டது. எஞ்சின்கள் அணைந்திருந்தன, அதனால் தூரத்தில் ஒரு குழந்தை இருமுவதுகூடக் கேட்டது. அக்கா மூன்றாவது வரியைச் சொல்லி முடித்தார். அப்போது மேனேஜர் பின்னாலிருந்து அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கண்ணாடி வழியாகக் காட்டினார். இரண்டாவது பிளாட்பாரத்தில், தூணுக்குப் பக்கத்துப் பெஞ்சில், ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சின்னக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் வேறு சாமியைக் கும்பிடுகிறவரோ, எதையும் கும்பிடாதவரோ, குழந்தை எழுந்துவிடுமே என்று இருந்தவரோ, யாருக்குத் தெரியும். நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவரை எழுந்து நிக்கச் சொல்லும்மா."

அக்கா மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். "குழந்தை தூங்குது சார்."

"எல்லாரும் நிக்கறாங்கல்ல. நல்லவிதமா சொல்லுங்க, தயவுசெய்துன்னு போட்டுச் சொல்லுங்க."

அக்கா கையை எடுத்தார். சொன்னார். எப்போதும் பேசுகிற அதே குரலில், அதே மரியாதையோடு, தொலைந்த பையையோ மாறிப்போன பஸ்ஸையோ பற்றிச் சொல்வதுபோலவே சொன்னார்.

"இரண்டாவது நடைமேடையில், தூணுக்கு அருகில் அமர்ந்திருக்கும் பயணி, தயவுசெய்து எழுந்து நிற்கவும்."

நிலையத்தில் இருந்த அத்தனை தலையும் அந்தப் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. அந்த ஆள் யாரையும் பார்க்கவில்லை. அண்ணாந்து தூணில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். அந்தக் காய்கறிக் கடைக்காரர் பார்த்த மாதிரியே. ஆனால் இவர் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. பார்த்துக்கொண்டே எழுந்தார். குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. அதன் காலில் இருந்து ஒரு செருப்பு கழன்று கீழே விழுந்தது. குனிந்து எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் அப்படியே நின்றார்.

அக்கா நாலாவது வரியைச் சொன்னார். எல்லோரையும் வீடு கொண்டு சேர். விசில் ஊதியது. வண்டிகள் நகர்ந்தன. அந்த ஆளும் குழந்தையும் ஏதோ ஒரு பஸ்ஸுக்குள் போய்விட்டார்கள்.

"எனக்கு ஒண்ணுமே தோணலப்பா," என்றார் அக்கா. "அழுகை வரல, கோவம் வரல. அடுத்த பஸ் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன்னு இப்பக்கூட ஞாபகம் இல்ல. சாயந்தரம் வீட்டுக்குப் போய்த்தான் பாத்தேன், காலையில இருந்து ஃபேனைப் போடவே இல்ல நானு. சட்டையெல்லாம் நனைஞ்சு காய்ஞ்சு உப்பு பூத்திருக்கு."

யோசித்துப் பார்த்தால் அந்தக் கணக்கு அங்கேதான் உடைந்தது. பஸ் சொன்னால் போகிறவர் போவார், போகாதவர் இருப்பார், குரல் யாரையும் பிடித்து ஏற்றுவதில்லை. இது பிடித்து நிறுத்தியது. நம்பிப் போகலாம் என்று ஒரு ஊர் முழுக்க எந்தக் குரலைச் சொன்னதோ, அதே குரல்.

மறுநாள் காலை வழக்கம்போல எல்லோரும் எழுந்து நின்றார்கள். எஞ்சின்கள் அணைந்தன. அக்கா விசிறியை நிறுத்தினார். பஞ்சை நகத்தால் தட்டினார், அந்தத் தட்டல் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் எதையும் எதிர்த்துப் பேசவில்லை. மைக்கைப் போட்டுவிட்டு, அதற்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

கீழே என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. பிரார்த்தனை முடிந்தால்தான் விசில். விசில் கேட்டால்தான் எஞ்சின். ஆரம்பிக்காத பிரார்த்தனை எப்படி முடியும்? சூப்பர்வைசர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மாடியைப் பார்த்தபடி நின்றார். டிரைவர்கள் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். பயணிகள் மூட்டையோடு நின்றார்கள், உட்காரலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நிலையம் மொத்தமும் நாலு வரிக்காகக் கல்லாக நின்றது. மேனேஜர் அன்று வழியில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். அவர் வந்து கையை ஆட்டிக் கத்திய பிறகுதான் சூப்பர்வைசர் ஊதினார்.

"நீ ஊதித் தொலைச்சிருக்கலாமேய்யா," என்று டிரைவர் ஒருவர் அவரிடம் கேட்டிருக்கிறார்.

"ஆமென், முடிஞ்சுதுன்னு ஊதவா, வண்டி போன்னு ஊதவா? எனக்கென்ன தெரியும். மேல இருந்து வரும்னு பாத்தேன்."

விசாரணை நடந்தது. மூன்று பேர், ஒரு தண்ணீர் ஜாடி. அங்கே பிரார்த்தனை என்கிற வார்த்தையே வரவில்லை, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பேருந்துகள் தாமதமானது ஏன், பொதுமக்களுக்கு இடையூறு ஏன், பணி நேரத்தில் பணி செய்யாதது ஏன். அக்கா ஒருமுறை, "நான் பஸ் எல்லாத்தையும் சொன்னேன் சார், அதை மட்டும்தான் சொல்லல" என்றார். "எதை?" என்று கேட்டார்கள். "அதை" என்றார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. வேலை போகவில்லை. மைக் போனது. கீழே, படிக்கட்டுக்கு அடியில், தொலைந்த பொருள்கள் வைக்கிற அறைக்கு மாற்றினார்கள்.

அன்று ராத்திரி என்றெல்லாம் பெரிய காட்சி எதுவும் இல்லை. தையல்காரர் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"நம்பற நானே சும்மா இருக்கேன். நம்பாதவளுக்கு என்ன இவ்வளவு ரோஷம்?"

"ரோஷம் இல்லங்க. வாய் வரல."

"ஒரு ஆளுக்காகவா?"

"நான் வேண்டிக்கிட்டா அது பொய்னு உங்க சாமிக்குத் தெரியாதா?"

அவர் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். "தெரியும்," என்றார். அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டார், அவரே தட்டு எடுத்து வைத்தார்.

தொலைந்த பொருள் அறையில் குடைகள்தான் அதிகம். சாப்பாட்டு டப்பா, ஒற்றைக் கம்மல், பல்செட்டு, கட்டுப் பிரிக்காத புடவை, யாரும் தேடி வராத ஒரு தகரப் பெட்டி. அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு குழந்தையின் செருப்பு இருந்தது. ஒன்றுதான். எந்தத் தேதியில், எந்த இடத்தில் கிடைத்தது என்று அதில் சீட்டு கட்டியிருந்தார்கள், ஆனால் அக்காவுக்குச் சீட்டு தேவைப்படவில்லை. எடுத்துத் தூசி தட்டி, கண்ணுக்கு நேராக மேல்தட்டில் வைத்தார்.

"யாராவது தேடி வந்தாங்களா அக்கா?"

"ஒத்தச் செருப்பை யார் தேடி வருவாங்க. இன்னொன்னையும் தூக்கிப் போட்டிருப்பாங்க."

மாடிக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். நல்ல பெண். பஸ்களைச் சொன்னாள், திணறிச் சொன்னாள், பழகிவிடுவாள். பிரார்த்தனையை மட்டும் அவளிடம் கொடுக்கவில்லை. புது இடத்தில் அக்காவுக்கு முதல் காலை அது. படிக்கட்டுக்கு அடியில் இருந்த ஸ்பீக்கர் ஒரு தடவை கரகரத்தது. பிறகு அதிலிருந்து அக்காவின் குரலே வந்தது.

எங்களை வழிநடத்துபவனே, இந்த நாளின் பாதையை உன்னிடம் ஒப்படைக்கிறோம்.

மேனேஜரின் போனில் கடைசியாக இருந்த பதிவு. கடைசி என்றால் எந்த நாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வரி வந்தது. இங்கே உன்னை மறுப்பவர் ஒருவரும் இல்லை. அதன் பிறகு ஒரு இடைவெளி. ஒரு மூச்சு இழுத்து விடுகிற அளவு. பிறகு நாலாவது வரி, கொஞ்சம் இறங்கின குரலில். இடையில் இருந்ததை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். மற்ற யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு அந்த இடைவெளிக்குள் அந்த வாக்கியம் முழுசாகக் கேட்டது, தயவுசெய்து வரைக்கும்.

அவர் மேனேஜரிடம் போனார். வாழ்க்கையில் அவராகப் போய்க் கேட்டது அது ஒன்றுதான்.

"சார், அதை எடுத்துருங்க. அது என் குரல்."

"ஆபீஸ் மைக்குல, ஆபீஸ் நேரத்துல பேசினதும்மா. பஸ் சொன்னதெல்லாம் உங்களுதா? அதே மாதிரிதான்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரக்கூடச் சொன்னார். "ஜனங்க கேக்கறாங்க. அந்த மூணாவது வரிக்கு அப்புறம் நிறுத்தறீங்க பாருங்க, அங்க என் மனைவிக்குக் கண்ணு கலங்கிருது. உங்களுக்குத் தெரியாமலே உங்களுக்குள்ள பக்தி இருக்கும்மா."

அக்கா திரும்பி வந்துவிட்டார். பதில் சொல்ல என்னிடம் எத்தனையோ வாக்கியம் இருக்கிறது, இப்போதும் நினைத்தால் வரிசையாக வருகிறது. அவரோ குடைகளை நிறவாரியாக அடுக்கினார்.

ஆனால் பிரார்த்தனை நேரத்தில் அவர் எழுந்து நிற்கவில்லை. அதை அவர் ஒரு முடிவாக எடுத்த மாதிரியே தெரியவில்லை. மேலே குரல் ஆரம்பித்தது, கீழே அவர் நாற்காலியில் இருந்தார், அப்படியே இருந்துவிட்டார். இரண்டு மூன்று நாள் கழித்து சூப்பர்வைசர் வந்து வாசலில் நின்றார், விசில் மார்பில் ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஊரே நிக்குது. நீங்க மட்டும் உக்காந்தா நல்லாவா இருக்கு?"

"நான்தான் மேல பேசிட்டிருக்கேன்ல. ஒரு ஆளு எத்தனை வேலை பாக்கறது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. "போய் ஊதுங்க, முடியப் போகுது," என்றார்.

ஒரு வாரம் போயிருக்கும். மூன்றாவது வரி முடிந்ததும் பதிவு சட்டென்று நின்றது. அந்த இடத்தில், சரியாக அதே இடத்தில், புதுப் பெண்ணின் குரல் வந்தது. "தொலைந்த பொருள் அறையில் அமர்ந்திருக்கும் ஊழியர்..." அங்கே ஒரு நடுக்கம். "...தயவுசெய்து எழுந்து நிற்கவும்."

நிலையம் முழுக்கத் தலைகள் படிக்கட்டுப் பக்கம் திரும்பின. அக்கா ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கையில் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மூக்குக் கண்ணாடி, அதைத் துடைப்பதையும் நிறுத்தவில்லை. பிறகு அக்காவின் குரலே மேலிருந்து எல்லோரையும் வீடு கொண்டு சேர் என்றது, விசில் ஊதியது, வண்டிகள் போயின.

மத்தியானம் புதுப் பெண் வந்தாள், கண் சிவந்து. "அக்கா, நான் சொல்லலைன்னா எனக்கு..."

"தெரியும்மா. நானும் சொல்லியிருக்கேன்." அக்கா தன் டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். "பேசும்போது ஃபேனை நிறுத்திக்கோ. நேத்து உன் பேச்சுல டக் டக்னு கேட்டுது."

அடுத்த நாள் காலை அக்கா வந்தபோது நாற்காலி இல்லை.

"ரிப்பேருக்குப் போயிருக்கு," என்றார் சூப்பர்வைசர், சுவரைப் பார்த்து.

"நல்லாத்தானே இருந்துது."

"ரிப்பேருக்குன்னு சொல்லச் சொன்னாங்க அக்கா."

அந்த நாற்காலி இன்னும் ரிப்பேரில்தான் இருக்கிறது. அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தார். யாரும் தேடி வராத அந்தத் தகரப் பெட்டியை இழுத்துப் போட்டார், அதன்மேல் யாரோ விட்டுப்போன ஒரு போர்வையை நாலாக மடித்து வைத்தார், உட்கார்ந்தார். தொலைந்த பொருள் அறையில் உட்கார இடமா இல்லை.

நான் அவரைப் பார்க்கப் போன காலையில் ஒரு அம்மா குடை தேடி வந்திருந்தார். நீலக் குடை, கைப்பிடியில் கயிறு கட்டியது. அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது. வெளியே எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த அம்மா குடையைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தார். அக்கா போய்ப் பெட்டியில் உட்கார்ந்தார்.

அந்த அம்மா அவரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். முழங்கால் வலிக்காரர் போல, ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க உள்ளேயும் நிக்கணுங்களா?" என்று ரகசியம் போலக் கேட்டார்.

"உங்க இஷ்டம்," என்றார் அக்கா.

அந்த வார்த்தையை அந்த நிலையத்தில் அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. மைக் இல்லை, தயவுசெய்து இல்லை. நகர்ந்து, பெட்டியில் அந்த அம்மாவுக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார்.

அந்த அம்மா ஒரு நொடி அந்த இடத்தைப் பார்த்தார். உட்காரவில்லை. நேராக நின்று, கண்ணை மூடி, உதடு அசைய வேண்டிக்கொண்டார். நிஜமாக வேண்டிக்கொண்டார், அது முகத்தில் தெரிந்தது, உள்ளே அவருக்கு யாரோ இருந்தார்கள். மேலே அக்காவின் குரல். கீழே அக்கா, மடியில் இரண்டு கையும், எதிரே மேல்தட்டில் அந்த ஒற்றைச் செருப்பு. மூன்றாவது வரி வந்தது. இடைவெளி வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை, காத்திருக்கிறவர் மாதிரி இருந்தார். நாலாவது வரி வந்ததும் மூச்சை விட்டார்.

விசில் ஊதியது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த இடத்துல நிறுத்தறாங்க பாருங்க," என்றார். "அழுதுட்டாங்க போல, பாவம். யாருங்க அது? நல்ல மனசு."

"ம்," என்றார் அக்கா. எழுந்து அடுத்த குடையை எடுத்தார். "இதுவா பாருங்க, கயிறு இருக்கு."